ஒரு சுருட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

கேள்வி (கொக்குவில் வாசகர்): ஐயா, ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தான் ஒரு பெட்டி சுருட்டுத் தந்தார். நிக்கரகுவாவில் எஸ்தெலி என்ற ஊரில் சுற்றியது, வெளியே சுற்றியது கறுத்த மேலிலை, நல்ல விலை, கடும் சுருட்டு என்றார். வந்த அன்று இரவே ஒன்றைப் பற்றவைத்தேன். மிளகுக் காரம், அருமை. அடுத்த கிழமை அடை மழைக்குள் குடித்தது கசந்தது, இரண்டு தரம் அணைந்தும்போனது. மூன்றாவதை விடியற்காலை தேத்தண்ணியோடு பற்றவைத்தேன், தலை சுற்றி வாந்தி வரப் பார்த்தது. இது நல்ல சுருட்டா, இல்லையா?

பதில்: தம்பி, அத்தானுக்கு இப்போதைக்கு நன்றியை மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பைப் பிறகு பார்க்கலாம். மூன்றும் ஒரே பெட்டியில் இருந்து எடுத்தவைதான், ஆனால் மூன்றையும் வேறு வேறு நிலைமையில் குடித்திருக்கிறீர்கள். முதலாவது பயணத்தில் காய்ந்திருக்கும். காய்ந்த சுருட்டு வேகமாக எரியும், புகை சூடாகும், அந்தச் சூட்டில் காரம் மட்டும் தூக்கலாக நிற்கும். இரண்டாவது மாரி ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். அதனால்தான் இழுக்க முடியாமல், கசந்து, அணைந்தது. மூன்றாவதில் தவறு முழுவதும் வெறும் வயிற்றில். அந்தச் சுருட்டின் சொந்தச் சுவையை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

நான் கொழும்பில் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்தவன். அங்கே எல்லாக் கோப்பைக்கும் ஒரே நிறை இலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். கோப்பைக்குக் கோப்பை மாறுவது தேயிலை மட்டுமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அவ்வளவு கண்டிப்பு. சுருட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம், ஆனால் அந்த எண்ணம் வேண்டும். கையால் சுற்றிய பொருள், ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படத்தான் செய்யும். அதற்கு மேலே உங்கள் வாய், சாப்பாடு, காற்று, மழை எல்லாம் சேர்ந்தால் ஒரு சுருட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் பெட்டியைக் கவனியுங்கள். இந்த வகைச் சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். யாழ்ப்பாணத்து மாரியில் வெளிக்காற்று அதைத் தாண்டிவிடும், ஆகவே மேசையில் திறந்து வைக்கவே கூடாது. அழகான மரப்பெட்டி வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கழுவி, மணம் போகக் காயவிட்டு, 65 என்று எண் போட்ட ஈரப்பதப் பை ஒன்றை உள்ளே வையுங்கள். அந்தப் பை ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். பிறகு மூன்று நாலு கிழமை தொடாமல் விடுங்கள். இந்தப் பொறுமை பலருக்கு வராது, ஆனால் மீதி எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் சும்மா வைக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. காய்ந்துவிடும், கருவாட்டு மணமும் ஏறும். ஆனால் நம் ஊர் வெக்கையில் வேறொரு பயம் இருக்கிறது, புகையிலை வண்டு. இலைக்குள் இருக்கும் முட்டைகள் 25 பாகை செல்சியசுக்கு மேல் போனால் பொரிக்கத் தொடங்கும், நமக்கோ வருடத்தில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். சுருட்டில் ஊசி குத்தியதுபோல ஓட்டை கண்டால் அதுதான். பெரிய தயாரிப்பாளர்கள் பலர் அனுப்பும் முன்பே உறையவைத்து முட்டையைக் கொன்றுவிடுவார்கள். சந்தேகம் இருந்தால், காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூன்று நாள் உறைபெட்டியில், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து வெளியே எடுங்கள். படிப்படியாக மாற்றாவிட்டால் மேலிலை வெடிக்கும்.

அடுத்தது, காரமும் கனமும். அத்தான் "கடும் சுருட்டு" என்று சொன்னதில் இரண்டும் கலந்திருக்கிறது. இங்கே காரம் என்பது மிளகுக் காரம் அல்ல, நிக்கொற்றீன். அது தலையிலும் வயிற்றிலும் தெரியும். கனம் என்பது வாயில் புகை எவ்வளவு நிறைந்து, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. காரம் நிறைய இருந்தும் வாயில் ஒன்றுமே நிற்காத சுருட்டு உண்டு, அது எனக்குப் பிடிக்காது. கனம் இருந்து காரம் அடங்கிய சுருட்டு உண்டு, அதற்கு நான் தலை வணங்குவேன். நிறம் கறுப்பென்றால் காரம் என்று நினைப்பதும் சரியில்லை. மேலிலையின் கறுப்பு பெரும்பாலும் நீண்ட நொதிப்பால் வருவது, அதில் இனிப்பே கூடுதலாக இருக்கும்.

காரம் எங்கிருந்து வருகிறது என்பது புகையிலை செய்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். செடியின் நுனிப் பக்க இலைதான் வெயிலை அதிகம் வாங்கித் தடித்துக் காரம் ஏறும். அதைக் கியூபாவிலும் நிக்கரகுவாவிலும் லிகேரோ என்பார்கள். நடு இலை மணத்துக்கு, அடி இலை நன்றாக எரிவதற்கு. லிகேரோ மெதுவாக எரிவதால் சுற்றுபவர் அதைச் சரியாக நடுவில் வைப்பார். கொஞ்சம் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் சுருட்டு கோணலாக எரியும். ஆகவே ஒன்று கோணலாக எரிந்தால் அந்த ஒன்றைச் சுற்றிய கையில் பிழை, எல்லாமே கோணலாக எரிந்தால் தயாரிப்பில் பிழை. இதைக் கண்டுபிடிக்கவும் பல சுருட்டு வேண்டும்.

இனி குடிக்கும் முறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து, ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில். மிளகாய்த்தூள் போட்ட மீன்குழம்பு வாயில் எரிந்துகொண்டிருக்கும்போது நாக்கு எதையும் உண்மையாகச் சொல்லாது. பக்கத்தில் தண்ணீர், அல்லது சீனி போடாத பிளேன்ரீ. பால் வேண்டாம், நாக்கில் படிந்துவிடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் விறாந்தையில் உட்காராமல் சுவரின் காற்றுப்படாத பக்கம் போங்கள், காற்றில் எந்தச் சுருட்டும் ஒருபக்கம் எரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம்.

தலைப்பக்கம் மூடியிருக்கும் தொப்பியில் மெல்லிய துண்டு மட்டும் வெட்டுங்கள். நெருப்பு வைக்கும் முன் வெறுமனே ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். அந்தக் குளிர் இழுவையே இனிப்பா, காய்ந்த வைக்கோலா என்று கொஞ்சம் சொல்லும். பிறகு நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்தால் போதும். நெஞ்சுக்குள் இழுக்கவே கூடாது. வாயில் வைத்து, அதில் சிறு பங்கை மட்டும் மூக்கால் மெதுவாக விடுங்கள். முதலில் கமறும். ஆனால் சுவையில் பெரும் பங்கு மூக்கில்தான் தெரியும், கடும் சுருட்டுக்கு இந்தச் சோதனை இல்லாமல் முடிவு சொல்லவே முடியாது. மூக்கு நமைந்தால் மிளகுக் காரம், கண் எரிந்து அமோனியா நெடி அடித்தால் இலை இன்னும் சரியாக நொதித்து ஆறவில்லை. அப்படியானால் பெட்டியை ஆறு மாதம் மறந்துவிடுங்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். சுருட்டை மூன்று பங்காக மனதில் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு வரி. வெளிநாட்டு விமர்சகர்கள் தேவதாரு, தோல், காய்ந்த செர்ரி என்று எழுதுவார்கள். நீங்கள் செர்ரியைத் தேடிக் களைக்க வேண்டாம், உங்கள் மூக்குக்குப் பழக்கமானதை எழுதுங்கள். எனக்கு நிக்கரகுவாச் சுருட்டில் அடிக்கடி வறுத்த மல்லியும் மிளகும் வரும், நடுவில் பனங்கட்டி கருகிய மணம் வரும். கியூபாவின் பார்த்தகாஸ் சீரி டி நான்காம் இலக்கச் சுருட்டு, 124 மில்லிமீற்றர் நீளம், 50 பருமன், அதில் எனக்கு மழை பெய்த செம்மண்ணும் பால் விடாத கோப்பியும். பருமன் என்ற அந்த எண் ஓர் அங்குலத்தின் 64 பங்கில் எத்தனை என்பது, ஆகவே 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர்.

பெட்டியில் அந்த மூன்று நாலு கிழமை ஆறவிட்ட பிறகு முதலாவதை அறிமுகத்துக்குக் குடியுங்கள். அதில் இழுவை, எரிவு, சாம்பல் இவற்றை மட்டும் எழுதினால் போதும். அடுத்ததில் சுவை. அதற்கு அடுத்ததில் தாள் வளையத்தைக் கழற்றிவிட்டு, அதே பருமனில் வேறொரு சுருட்டோடு சேர்த்து வீட்டில் யாராவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் குடிக்கும்போதுதான் விலையும் அத்தானின் பாசமும் நாக்கை விட்டு விலகும். 1992ல் தொடங்கிய அமெரிக்கச் சஞ்சிகை சிகார் அபிசியனாடோவிலும் வளையம் கழற்றித்தான் ருசி பார்த்து 100க்குப் புள்ளி போடுகிறார்கள். புள்ளி உங்களுக்குத் தேவையில்லை. கொப்பியை எடுத்து, எல்லாத் தடவையும் திரும்பி வந்த சுவை எது என்று கோடு போடுங்கள். அதுதான் அந்தச் சுருட்டு. ஒரு தரம் மட்டும் வந்து போனது உங்கள் மத்தியானச் சாப்பாடாக இருக்கலாம்.

முக்கியமாகக் கடைசிப் பங்கைப் பாருங்கள். முதல் பங்கில் மிளகு காட்டி மயக்குவது சுலபம். தாரும் சூடும் சேரும் கடைசிப் பங்கில், கசப்புக்கு அடியில் இனிப்பு இன்னும் நிற்கிறதா? நின்றால் நல்ல இலை, நல்ல கை. மெதுவாக இழுத்தும் எல்லாத் தடவையும் அங்கே கசந்தால், அத்தானிடம் அடுத்த முறை வேறு கொண்டுவரச் சொல்லுங்கள். தலை சுற்றினால் உடனே வைத்துவிட்டு ஒரு துண்டு பனங்கட்டி சாப்பிடுங்கள், பலருக்கு அதில் ஆறும்.

கேள்வி (பருத்தித்துறை வாசகி): என் அப்பு காலம் முழுவதும் யாழ்ப்பாணச் சுருட்டுத்தான் குடித்தார். கியூபாச் சுருட்டை மெச்சுகிறவர்கள் அதை ஏன் மதிப்பதில்லை?

பதில்: அம்மா, மதிக்காதவர்கள் ஒரே அளவுகோலால் இரண்டையும் அளக்கிறார்கள். கியூபாவில் இலையைக் காற்றில் காயவைத்துக் குவித்து நொதிக்க விடுவார்கள், புகை பட விடமாட்டார்கள். நம் பக்கத்தில் புகை ஊட்டிப் பதப்படுத்துவதும் பழைய வழக்கம், அந்தப் புகை மணமே அப்புவுக்கு ருசி. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை வியாபாரம் இருந்தது. வெற்றிலையோடு போடுவதற்கு அவர்கள் விரும்பிக் கேட்ட சரக்கு அது.

இலை எரிவதைப் பார்த்தால் கிணற்றையே சொல்லலாம். உவர்த் தண்ணீர் இறைத்த தோட்டத்து இலையில் குளோரைட் கூடும், அது சரியாக எரியாது, அடிக்கடி அணையும். நல்ல தண்ணீர்க் கிணறும் மாட்டெருவும் கிடைத்த தோட்டத்து இலை வெள்ளைச் சாம்பல் விடும். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றிய வழக்கத்தையும் மறக்கக் கூடாது. ஹவானாவில் 1865 முதல் அதே வழக்கம் இருக்கிறது, அதை உலகமே புகழ்கிறது. நம்முடையதை நாமாவது எழுதி வைக்க வேண்டும். அப்புவின் காலத்துக் கொட்டிலில் வேலை செய்தவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் இந்த வருடமே போய்க் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): புகையை விழுங்காவிட்டால் சுருட்டால் கெடுதி இல்லை என்கிறார்களே?

பதில்: தவறு. சுருட்டுப் புகையின் நிக்கொற்றீன் வாயின் தோல் வழியாகவே ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு விழுங்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பைக்கற் சிகரட் அளவு புகையிலை இருக்கலாம். இதுவரை குடிக்காதவர் இதை வாசித்துத் தொடங்கக் கூடாது, நெஞ்சு வருத்தம் உள்ளவர் விட்டுவிட வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதாததற்கும் அதே சட்டம்தான் காரணம், புகையிலை விளம்பரத்துக்கு அதில் இடமில்லை.

கேள்வி (உரும்பிராய் வாசகர்): பெற்றோல் லைற்றரால் பற்றவைக்கலாமா? பாதியில் அணைத்து மறுநாள் குடிக்கலாமா?

பதில்: பெற்றோல் மணம் முதல் பங்கு முழுவதும் நிற்கும், வேண்டாம். எரிவாயு லைற்றர் நல்லது. நெருப்புக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும் வரை பொறுத்துப் பிறகு கிட்டக் கொண்டுபோங்கள்.

அணைக்கும்போது நசுக்காமல் தானாக அணையவிட்டு, சாம்பலைத் தட்டிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால், பற்றவைக்கும் முன் ஒரு தரம் வெளிப்பக்கமாக ஊதிப் பழைய புகையைத் தள்ளிவிட்டுத் தொடரலாம். மறுநாள் என்றால் ஆறிய தார் முழுவதும் ஊறியிருக்கும். அதைக் குடிப்பது உங்கள் விருப்பம், ஆனால் அந்தச் சுவையைக் கொப்பியில் எழுதாதீர்கள்.