ஏழைகள் தங்கள் பங்கைச் செய்கிறார்களா?

கேள்வி: அரசு இத்தனை உதவி செய்தும் வறுமை ஒழியவில்லையே? வறுமையைக் குறைப்பதில் ஏழைகளுக்கும் ஒரு பங்கு உண்டு, அதை அவர்கள் செய்கிறார்களா? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: செய்கிறார்கள். விடியும் முன்பே சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்கிற பெண்ணிடம் போய் 'உங்கள் பங்கு என்னம்மா' என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர் சம்பாதிப்பது வீடு வந்து சேர்வதற்குள் யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அகமதாபாத்தில் 1970களில் காய்கறி விற்ற பெண்கள் காலையில் கடன் வாங்கி, சாயங்காலம் நூற்றுக்குப் பத்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாளுக்கு அந்த வட்டி! 1969இலேயே வங்கிகள் தேசியமயமாகிவிட்டன, ஆனாலும் இடுப்பில் பிள்ளையும் முந்தானையில் சில்லறையுமாக வந்து நின்றவர்களைப் பார்த்து வங்கிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சரி, நமக்கு நாமே வங்கி வைப்போம் என்று, இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் 'சேவா' சங்கத்துப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 1974இல் சொந்தமாகக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு எப்படி வங்கி என்று கூட்டுறவுப் பதிவாளர் தரப்பில் தடை வந்தபோது, முன்நின்ற பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகி, அப்புறம் போய்ப் பதிவு செய்தார்கள். நீங்கள் கேட்கிற 'பங்கு' இதுதான் என்றால், அதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடன் கிடைத்துவிட்டது, உட்கார்ந்து விற்க இடம்? அதே அகமதாபாத்தின் மானெக் சௌக் சந்தையில் தலைமுறையாக விற்றவர்களைப் போலீஸ் விரட்டியது, அபராதம் போட்டது. உட்காரும் உரிமைக்காக அந்தப் பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தெருவோர வியாபாரிகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வர 2014 ஆகிவிட்டது. அந்தச் சட்டப்படி, தெருவோர விற்பனை விவகாரங்களைக் கவனிக்க ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் வியாபாரிகள் எத்தனை பேர் என்று மாநகராட்சியில் ஒருநாள் விசாரித்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழிலேயே போடுகிறேன்.