லடாக் டூருக்கு ஹேண்டிகேம்: லேப்டாப் இல்லாம வீடியோவ எப்படி பத்திரமா கொண்டு வர்றது?

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. ஜூன் மாசம் குடும்பத்தோட லடாக் போறோம், ஒன்பது நாள், மாமனார் மாமியார் ரெண்டு பசங்க எல்லாரும் சேந்து. மாமனார்கிட்ட சோனி ஹேண்டிகேம் சிஎக்ஸ்405 இருக்கு. ஃபோன்ல எடுங்கன்னா கேக்க மாட்டாரு, கைக்கு அதுதான் பழக்கம்னு சொல்லுவாரு. போன தடவ மணாலி போனப்ப நாலாவது நாளே 32 ஜிபி கார்டு ஃபுல் ஆயிருச்சு, அங்க மார்க்கெட்ல ஒரு ஸ்டுடியோல குடுத்து பென்டிரைவ்ல ஏத்தி வாங்கிட்டு, கார்ட காலி பண்ணி மறுபடி எடுத்தோம். ஊருக்கு வந்து பாத்தா பாதி ஃபைல் ஓடவே இல்ல. பசங்க முதமுதலா பனிய தொட்ட வீடியோ போச்சு, மாமனார் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இந்த தடவ லேப்டாப் தூக்கிட்டுப் போக முடியாது. வீட்ல பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு இருக்கு, அது போதுமா, இல்ல புதுசா ஏதாச்சும் வாங்கணுமா? எல்லாத்தையும் க்ளவுட்ல ஏத்திடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. – ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: படிச்சதும் மனசுக்கு கஷ்டமா போச்சும்மா. எந்த பொருள் வாங்கறதுங்கறத அப்புறம் பாக்கலாம், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுக்கு அடுத்துதான். ஊர் திரும்பற வரைக்கும் எந்த கார்டையும் காலி பண்ணாதீங்க. யார் என்ன சொன்னாலும் சரி, காப்பி எடுத்தாச்சுன்னு நீங்களே கண்ணால பாத்தாலும் சரி.

எங்க வீட்ல 2004-ல எடுத்த மினி டிவி (mini DV, பழைய கேம்கார்டர் கேசட்) டேப் இன்னும் இருக்கு, அக்கா பொண்ணு காதுகுத்து. டேப்போட ஓரத்துல குட்டியா ஒரு பொத்தான் இருக்கும், அத 'சேவ்' பக்கம் தள்ளிட்டா அது மேல மறுபடி பதிவே ஆகாது. எங்க மாமா டேப் முடிஞ்சதும் நகத்தால அத தள்ளிட்டு, லேபிள்ல பால்பாயிண்ட் பேனாவால தேதி எழுதி பீரோல வெச்சுருவாரு, அடுத்த விசேஷத்துக்கு புது டேப். அந்த பழக்கம் கார்டு வந்ததும் போயிருச்சு, காலி பண்ணி திரும்ப எடுத்துக்கலாம்னு ஆனதும்தான் இவ்ளோ பேர் வீடியோவ தொலைக்கறாங்க. கார்டையும் டேப் மாதிரி நினைங்க, ஃபுல் ஆச்சா, எடுத்து உள்ள வெச்சுட்டு அடுத்தத போடுங்க.

மணாலில என்ன ஆயிருக்கும்னு பாப்போம். ஹேண்டிகேம் ஏவிசிஎச்டிங்கற பதிவு முறைல எடுக்கும்போது வீடியோ மட்டும் தனியா ஒரு ஃபைலா உக்காராது, கார்டுக்குள்ள 'ப்ரைவேட்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஏவிசிஎச்டி, அதுக்குள்ள பிடிஎம்வி, அதுக்குள்ள 'ஸ்ட்ரீம்', அங்கதான் எம்டிஎஸ்ங்கற வீடியோ ஃபைல் எல்லாம் இருக்கும், பக்கத்து ஃபோல்டர்கள்ல எந்த க்ளிப் எங்க தொடங்குது எங்க முடியுதுங்கற குறிப்பெல்லாம் இருக்கும். நீளமா ஒரு ஷாட் எடுத்தா சுமார் 2 ஜிபி ஆனதும் கேமரா தானே வெட்டி அடுத்த ஃபைல தொடங்கிடும், அத ஒட்டறதுக்கு அந்த குறிப்பு வேணும். ஸ்டுடியோக்காரர் எம்டிஎஸ்ஸ மட்டும் இழுத்து போட்டிருந்தா ஒட்டற இடத்துல தடங்கும், ஆனா சுத்தமா ஓடாம போகாது. பாதி ஃபைல் ஓடலைன்னா பெரும்பாலும் காப்பி முடியறதுக்குள்ள பென்டிரைவ பிடுங்கி இருக்கணும், இல்ல பென்டிரைவே கோளாறா இருந்திருக்கணும். கூட்டத்துல அவசரமா செய்யற வேலை, யாரும் ஒரு ஃபைலக்கூட ஓட்டி பாத்திருக்க மாட்டாங்க. அந்த கார்டு மட்டும் அப்படியே இருந்திருந்தா இது எதுவுமே ஒரு பிரச்சனையா ஆகியிருக்காது.

இப்ப எவ்ளோ கார்டு வேணும்னு கணக்கு போடுவோம். உங்க கேமரால ஏவிசிஎச்டில எஃப்எக்ஸ் தரம்னா விநாடிக்கு 24 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி, ஒரு 32 ஜிபி கார்டுல மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் குறைவா பிடிக்கும். பிஎஸ் தரம் வெச்சா 28 மெகாபிட், மணிக்கு 12.6 ஜிபி. அதே கேமரால எக்ஸ்ஏவிசி எஸ்னு இன்னொரு பதிவு முறை இருக்கு, அது 50 மெகாபிட், மணிக்கு 22.5 ஜிபி சாப்பிடும், அதுக்கு 64 ஜிபியும் மேலயும் உள்ள கார்டுதான் வேணும். மாமனார் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எடுத்தார்னு வெச்சா ஒன்பது நாளைக்கு எஃப்எக்ஸ்ல 97 ஜிபி சுமாரா வரும். ஆக 64 ஜிபி ரெண்டு புதுசா வாங்கிக்கோங்க, பழைய 32 ஒண்ணு கைகாவலுக்கு. ஒரே 256 ஜிபி கார்டா வாங்கினா சௌகரியம்தான், ஆனா அது ஒண்ணு கெட்டா ஒன்பது நாளும் போச்சு, அதனால நான் அத சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் வி30, 4கேன்னு சொல்லி விலை கூடின கார்ட நீட்டுவாரு. அது 4கே கேமராவுக்கு நல்லது, உங்களுக்கு தேவை இல்ல. 50 மெகாபிட்ங்கறதே விநாடிக்கு 6.25 மெகாபைட்தான், க்ளாஸ் 10 கார்டு குறைஞ்சது 10 மெகாபைட் எழுதும், அது போதும். மிச்சமாகற காசுக்கு இன்னொரு கார்டு வாங்குங்க. சிஎக்ஸ்405-க்கு போடறது மைக்ரோ எஸ்டி, நகம் அளவுதான் இருக்கும், அதனால கார்டு வைக்கற சின்ன பிளாஸ்டிக் டப்பி ஒண்ணும் சேத்து வாங்குங்க. கார்டு மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, கேமராக்குள்ள சிக்கிக்கும், டப்பி மேல நம்பர் எழுதுங்க. புது கார்ட ஊர்லயே கேமராவுல போட்டு ஃபார்மட் பண்ணி பத்து நிமிஷம் எடுத்து பாத்துட்டு கிளம்புங்க.

அடுத்து அந்த பழைய ஹார்ட் டிஸ்க். வேற ஊரா இருந்தா எடுத்துட்டு போங்கன்னு சொல்லியிருப்பேன், லடாக்குக்கு வேண்டவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும், அது மேல எழுதற முனை தட்ட தொடாம காத்து மெத்தைல மிதந்துட்டு இருக்கும். மலை மேல போகப் போக காத்து லேசாயிரும், மிதக்கற உயரம் குறையும், தட்டுல உரசினா எல்லாம் முடிஞ்சது. நிறைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடும்போது 3,000 மீட்டர் சொச்சம் உயரம் வரைக்கும்தான்னு கம்பெனியே போட்டிருக்கும். லே ஊரே கிட்டத்தட்ட 3,500 மீட்டர், பாங்காங் ஏரி 4,200-க்கு மேல, கர்துங் லா 5,300-க்கும் மேல. ஓடாம அணைஞ்சு கெடந்தா பயம் இல்ல, ஆனா நீங்க கொண்டு போறதே அங்க ஓட்டறதுக்குத்தானே. அதுக்கு பதிலா எஸ்எஸ்டின்னு சிப்புல பதியற டிஸ்க் இருக்கு, அதுல சுத்தற பாகமே கிடையாது, உயரம் ஒண்ணும் பண்ணாது, வண்டி குலுக்கலும் ஒண்ணும் பண்ணாது. 500 ஜிபில ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டி உங்களுக்கு தாராளம்.

லேப்டாப் இல்லாம அதுக்குள்ள ஏத்தறது ஃபோன் வழியாத்தான். டைப்-சி ஹப் ஒண்ணு வாங்குங்க, அதுலயே மைக்ரோ எஸ்டி போடற இடமும், யுஎஸ்பி துளையும், சார்ஜர் சொருகற துளையும் இருக்கற மாதிரி பாத்து வாங்குங்க, ஏன்னா எஸ்எஸ்டி கரண்ட ஃபோன்ல இருந்துதான் உறிஞ்சும், பாதில பேட்டரி செத்தா மறுபடி மணாலி கதைதான். எஸ்எஸ்டிய எக்ஸ்ஃபேட்ங்கற முறைல ஃபார்மட் பண்ணி வெச்சுக்கோங்க, என்டிஎஃப்எஸ்ங்கற முறையா இருந்தா நிறைய ஃபோன் படிக்காது. ஓப்போ, விவோ, ரியல்மி மாதிரி ஃபோன்கள்ல செட்டிங்ஸ்ல போய் ஓடிஜிய (ஃபோன்ல வெளி டிஸ்க், கார்டு சொருகற வசதி) ஆன் பண்ணணும், சும்மா இருந்தா பத்து நிமிஷத்துல அதுவே அணைஞ்சிரும், இது தெரியாம ஹப் கெட்டுப்போச்சுன்னு கடைல திருப்பிக் குடுத்தவங்க உண்டு.

கார்ட சொருகினதும் சில ஃபோன் "இந்த கார்ட செட்டப் பண்ணவா, ஃபார்மட் பண்ணவா"ன்னு கேக்கும். அத தொடவே கூடாது. இதுக்கு ஒரு வழி இருக்கு, ஹப்ல பெரிய எஸ்டி துளை இருந்தா மைக்ரோ எஸ்டிய அடாப்டருக்குள்ள போட்டு இடது ஓரத்துல இருக்கற லாக்க கீழ தள்ளிட்டு சொருகுங்க, அப்ப ரீடர் பொதுவா கார்டுல எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும்.

ராத்திரி ரூமுக்கு வந்ததும் எஸ்எஸ்டில 'நாள் 1', 'நாள் 2'ன்னு ஃபோல்டர் போட்டு, கார்டுல வெளில தெரியற எல்லா ஃபோல்டரையும் முழுசா காப்பி பண்ணுங்க, உள்ள போய் பொறுக்க வேண்டாம். யுஎஸ்பி 2.0 ஃபோனா இருந்தா 10 ஜிபிக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகலாம். முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் மொத்த சைஸ் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அப்புறம் எஸ்எஸ்டில இருக்கற கடைசி க்ளிப்ப திறந்து அதோட கடைசி பத்து விநாடிய ஓட்டுங்க. காப்பி பாதில நின்னா அடி வாங்கறது பெரும்பாலும் கடைசி ஃபைல்தான். அப்புறம் 'எஜெக்ட்' குடுத்துட்டு கழட்டுங்க. பாங்காங், நுப்ரா பக்கம் பல கேம்ப்ல சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் கரண்ட் விடுவாங்க, அதனால போனதும் முதல் வேலையா பேட்டரிய சார்ஜ்ல போடுங்க. குளிருக்கு கேமரா பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரிய சட்டைக்குள்ள உடம்பு சூட்டுல வெச்சுக்க சொல்லுங்க. ஃப்ளைட்ல பவர் பேங்க், உபரி பேட்டரி எல்லாம் கைப்பைலதான் வரணும், செக்-இன் பெட்டில போடக்கூடாது. ஏர்போர்ட் எக்ஸ்ரேல கார்டு கெட்டுப் போகும்னு மாமியார் பயந்தாங்கன்னா தைரியம் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது.

எஸ்எஸ்டியும் கார்டும் ஒரே பைல இருக்கவே கூடாது. எஸ்எஸ்டி உங்க வீட்டுக்காரர் பைல, ஃபுல் ஆன கார்டு டப்பி மாமியார் கைப்பைல. ஒரு பை தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்.

க்ளவுட் யோசனை தப்புன்னு சொல்லல, ஆனா அந்த ஊருக்கு ஒத்து வராது. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். ஹோட்டல் வைஃபைல விநாடிக்கு 5 மெகாபிட் ஏத்தற வேகம் கெடச்சாலும் ஒரு மணி நேர வீடியோவுக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும், கூகுள்ல இலவசமா குடுக்கற இடமே 15 ஜிபிதான். ஊருக்கு வந்து நிதானமா ஏத்திக்கலாம். அந்த பழைய ஹார்ட் டிஸ்க்க வீட்லயே வைங்க, வந்ததும் அதுல இன்னொரு காப்பி போட்டு ரெண்டையும் ஓட்டி பாத்ததுக்கு அப்புறம் கார்ட காலி பண்ணிக்கலாம்.

கேள்வி: ஆன்லைன்ல 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு ரொம்ப சல்லிசா போட்டிருக்கான், பிராண்டு பேரு கேள்விப்பட்டது இல்ல. கேம்கார்டருக்கு வாங்கலாமா சார்? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வாங்காதீங்க. இந்த மாதிரி போலி கார்டுல உள்ள இருக்கறது 16 ஜிபியோ 32 ஜிபியோதான், ஆனா 1 டிபின்னு பொய் சொல்ற மாதிரி உள்ளயே மாத்தி வெச்சிருப்பாங்க. கேமராவும் நம்பிரும், எடுத்துட்டே போகும், உண்மையான இடம் முடிஞ்சதும் புதுசா எழுதறது பழசு மேலயே ஏறும், இல்ல எங்கயும் பதியாம போகும். லிஸ்ட்ல ஃபைல் பேரெல்லாம் அழகா தெரியும், திறந்தா ஒண்ணும் இருக்காது. டூர் முடிஞ்சு வந்துதான் தெரியும்ங்கறதுதான் இதுல கொடுமை.

நல்ல பிராண்டு கார்டுலயும் போலி வருது, அதனால எங்க வாங்கினாலும் பில்லோட வாங்குங்க, வந்த அன்னிக்கே சோதிங்க. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு, கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு பாத்து உண்மைய சொல்லிரும். பெரிய கார்டுக்கு சில மணி நேரம் ஓடும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க. போலின்னு வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி அனுப்புங்க, விக்கறவன் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிட்டு புகார் பதிவு பண்ணுங்க. ஆனா இது பொதுவா எல்லா கார்டுக்கும் பொருந்தும்: வாரண்டிங்கறது கார்டுக்கு மட்டுந்தான், கெட்டா புது கார்டு தருவாங்க, உள்ள இருந்த வீடியோவுக்கு எந்த கம்பெனியும் பொறுப்பு ஏத்துக்காது.

கேள்வி: கொடைக்கானல்ல பையன் கேமராவ நோண்டி கார்ட ஃபார்மட் பண்ணிட்டான். திரும்ப எடுக்க முடியுமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அதுக்கப்புறம் அதுல எதுவும் எடுக்கலைன்னா நல்ல வாய்ப்பு இருக்கும்மா. உடனே கார்ட வெளில எடுத்துருங்க, ஒரு ஃபோட்டோகூட எடுக்காதீங்க. கேமரா ஃபார்மட் பெரும்பாலும் பொருளடக்கத்த மட்டுந்தான் அழிக்கும், வீடியோ அடில கெடக்கும், புதுசா ஏதாச்சும் எழுதினாத்தான் அது மேல ஏறிரும். ஃபோட்டோரெக்னு இலவச ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்கள பக்கத்துல வெச்சு ஓட்டுங்க. மீட்கற ஃபைல அதே கார்டுல சேவ் பண்ணக்கூடாது, கம்ப்யூட்டர்ல பண்ணுங்க. ஃபைல் பேரெல்லாம் மாறி வரும், நீள ஷாட் துண்டு துண்டா வரலாம். கம்ப்யூட்டர் கார்ட சொருகினதும் ஃபார்மட் பண்ணணுமான்னு கேட்டா கேன்சல் குடுங்க. முடியாம டேட்டா ரெக்கவரி கடைக்கு போனீங்கன்னா, எதுவும் கெடைக்கலைன்னா எவ்ளோ வாங்குவீங்கன்னு கேட்டு, கார்ட கைல குடுக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. பையன திட்டாதீங்க.