கடைசித் தட்டு

அன்புள்ள ஐயா,
நான் ஊட்டச்சத்துத் துறை மாணவி. ஆய்வுக்காகப் பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் செல்கிறேன். சுற்றிலும் இத்தனை கீரையும் கிழங்கும் இருந்தும் பெண்களுக்கு இரத்தசோகை. இவற்றின் அருமையை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? கீரைகளின் மருத்துவக் குணங்களைப் பற்றியும் எழுதுங்களேன்.
வாசகி, தக்கலை

அன்பு மகளுக்கு,

மருத்துவக் குணம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னை விட்டுவிடு.

ஒரு வாரமாகச் சந்தை சந்தையாகக் கவலைக்கிழங்கு என்னும் காட்டுக்கிழங்கைத் தேடி அலைகிறேன். மரச்சீனியும் காச்சிலும்தான் கிடைக்கின்றன. அந்த எரிச்சலில் இருக்கும்போது உன் கடிதம். அதில் ‘புரியவைப்பது’ என்று ஒரு சொல்!

நாற்பது வருடங்களுக்கு முன்பு கோதையாற்றுப் பக்கம் ஒரு காணிக்காரப் பெண் கவலைக்கிழங்கு தோண்டுவதைப் பார்த்தேன். கொடி காய்ந்து, கல்லிடுக்கில் நூலளவு தண்டு மட்டும் மிச்சம். அதைத் தடம் பிடித்துக் கம்பியால் குத்திக் குத்தி இடுப்பளவு இறங்கினார். கிழங்கை எடுத்ததும் தலையை ஒடித்துத் திரும்பவும் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். அடுத்த வருடத்துக்காம். சேம்பிலை தொண்டையை அரிக்காமலிருக்கப் புளி சேர்க்க வேண்டும் என்பது உன் பாடப்புத்தகத்தில் இருக்கிறதா? அவருக்கா நீ புரியவைக்கப் போகிறாய்?

அன்று சாயங்காலம் கிழங்கை அவித்துக் காந்தாரி மிளகாய் அரைத்தார். முதலில் பிள்ளைகள், பிறகு கணவர், பிறகு விருந்தாளியான நான். வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன். சட்டியைப் பிறகுதான் பார்த்தேன். அடியில் ஒட்டிய தூளும் பால் விடாத ஒரு கட்டன்சாயாவும் அவருடைய பங்கு.

சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பாய். சரிதான், சொல். ஆனால் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இது காணிக்காரருக்கு மட்டும் வந்த நோயல்ல. தக்கலையில் உன் வீட்டில் கடைசியாகத் தட்டெடுப்பது யார்? நீயா, அம்மாவா? அண்ணன் அல்ல, அது எனக்குத் தெரியும்.

விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்குக் காடேற நேரம் ஏது? ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பிவிடுகிறது. ஏறினாலும் யாராவது தடுப்பார்களோ என்ற பயம் வேறு. 2006 வன உரிமைச் சட்டம் வேரையும் கிழங்கையும் பெயர் சொல்லியே, காட்டில் வாழ்பவர்கள் உரிமையோடு எடுக்கக்கூடிய சிறு வன விளைபொருளில் சேர்த்திருக்கிறது. வகுப்பெடுத்தே தீருவேன் என்றால் அதை எடு. அதையும் ஆண்களை முன்னால் உட்காரவைத்து எடு.

கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு தூரம் மலையேறுகிறாயே, நல்ல பிள்ளை நீ. அங்கே கவலைக்கிழங்கு விற்றால் எனக்கு இரண்டு கிலோ வாங்கிவா. விலை பேசாதே.