கீழக்கரையிலிருந்து சிங்கப்பூர்: குறைந்த காசில் சுற்றிவர முடியுமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முதல் தடவையாகச் சிங்கப்பூர் போகிறோம். விலை அதிகமான ஊர் என்கிறார்கள். கையில் பெரிதாகக் காசு இல்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. எங்கள் தெருவில் சிங்கப்பூர் போய்வராத வீடு குறைவு. அந்த ஊரில் காசை விழுங்குவது படுக்கிற இடம்தான். சாப்பாடு, பஸ், ரயில் எல்லாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பார்க்க வேண்டியவற்றில் நிறைய இடங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

அதனால் தங்குமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்) 70 ரூபாய் என்று கணக்குப் போடலாம். லிட்டில் இந்தியா பக்கம் ஹாஸ்டலில் ஒரு கட்டில் 30, 40 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். குடும்பத்துக்குத் தனி அறை என்றால் 100 வெள்ளியைத் தாண்டிவிடும். கார் பந்தயம் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் வாரத்தைத் தவிருங்கள், அறை வாடகை எகிறும். வாட்ஸப்பில் வரும் "நாள் வாடகைக்கு ரூம்" விளம்பரங்களை நம்ப வேண்டாம். அரசு அடுக்குமாடி வீட்டை 6 மாதத்துக்கும், தனியார் வீட்டை 3 மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம். அதற்கு ஊரிலிருந்து ஒரு பொட்டலம் தொதல் (எங்கள் ஊர் இனிப்பு) போதும்.

விசா வேண்டும்; அனுமதி பெற்ற ஏஜென்ட் வழியாக எடுக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, அதற்கு மேல் ஏஜென்ட் கூலி. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ரெண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் போலி.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, சென்னை வரை போக வேண்டியதில்லை. மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான் சேர்த்தி. ஊர்க்காரர்கள் "இதை மட்டும் அங்க குடுத்துருங்க" என்று ஒட்டிய பார்சலை நீட்டினால், மச்சானே ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப் பொருளுக்கு அங்கே தூக்கு வரை உண்டு. வாயில் போடும் புகையிலைக்கும் தடை. சிகரெட் ஒரு பாக்கெட் என்றாலும் வரி கட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்கு உணவங்காடிகள். தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் பராட்டா, பிரியாணி, மீன் கறிச் சோறு எல்லாம் கிடைக்கும். எங்கள் மாமி அங்கே டீ விலையைப் பார்த்துவிட்டு, "ஒரு டீ நூத்திச் சொச்ச ரூவாயா? அந்தக் காசுக்கு வீட்டுல எல்லாருக்கும் போட்டுருவேனே" என்று குடிக்காமலே எழுந்துவிட்டார். சாயங்காலம் தாகம் தாங்காமல் சுற்றுலா இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு டீயைவிட அதிகம் கொடுத்தார். ரூபாய்க் கணக்கை ஊரிலேயே போட்டு முடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், காலி பாட்டில் கொண்டுபோங்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைப்பது 2021 முதல் கட்டாயம். ஹலால் தட்டுக்குப் பல இடங்களில் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் விழலாம்.

மரினா விரிகுடாப் பூந்தோட்டத்தில் வெளித்தோட்டம் இலவசம். ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45, 8.45 மணிக்கு, அதற்கும் காசில்லை. தாவரவியல் பூங்காவும் சும்மாதான். ஆனால் நம் பக்கத்து ஆட்கள் விடக்கூடாதது தெலுக் ஆயர் தெரு. நம்மூர்க் கடற்கரைகளிலிருந்து கப்பலேறிய சூலியாக்கள் (நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள்) கட்டிய நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. 1828-ல் தொடங்கி 1830-ல் முடித்தார்கள். கொஞ்சம் தள்ளி, 1827-ல் ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்த குச்சுப் பள்ளிவாசல். அந்தக் காலத்தில் அலை அந்தத் தெருவோரம் வரை வந்தது. பிறகு கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில் இப்போது தர்கா வாசலில் நின்றால் தெரிவது வானளாவிய கட்டடங்கள்தான். மினாராக்களைச் சுற்றியுள்ள சன்ன வேலைப்பாட்டை நிதானமாகப் பாருங்கள்.

சென்டோசா தீவின் கடற்கரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல் அது. அரியமானையும் தனுஷ்கோடியையும் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் அடம்பிடித்தால் பலகைப் பாதை வழியாக நடந்தே உள்ளே போங்கள், கட்டணமில்லை. கடல்தான் வேண்டும் என்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சாயங்காலம் உட்காருங்கள். நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்கள் அடிவானம் முழுக்க வரிசையாக நிற்கும்.

கடைசியாக, கோடாலித் தைலம். அது இல்லாமல் திரும்பினால் ஊரில் யாரும் நீங்கள் சிங்கப்பூர் போனதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கைப்பை மட்டும் என்றால் 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியை விடமாட்டார்கள், சின்னக் குப்பிகளாகவே வாங்குங்கள். பங்கு வைக்கவும் அதுதான் வசதி.