2023 ஆலோசனைக்கு 2017 சோதனை பொருந்தாது

மருத்துவ அலட்சிய வழக்குக்காக நீங்கள் எழுதிய மெமோ திரும்பி வந்ததற்குக் காரணம் தேதி. ஹீ சீ கொக் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், மருத்துவர் நோயாளிக்குப் போதிய தகவல் தந்தாரா என்று பார்க்க வகுத்த மூன்று கட்டச் சோதனையை வைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கட்சிக்காரருக்கு மருத்துவர் ஆபத்துகளை விளக்கியது 2023 மார்ச்சில். 2022 ஜூலை 1 முதல் மருத்துவர் தரும் ஆலோசனைக்குச் சிங்கப்பூரின் சிவில் சட்டத்தின் (Civil Law Act) 37ஆம் பிரிவுதான் அளவுகோல்.

வணிக வழக்குகளிலிருந்து இந்தத் துறைக்கு மாறும்போது இது எளிதில் நேரும். தீர்ப்பு உடனே கிடைத்துவிடும், அதற்குப் பின் வந்த சட்டத்திருத்தம் கண்ணில் படாது.

இப்படிச் சரிபாருங்கள்:

1. மருத்துவக் குறிப்பிலுள்ள ஒவ்வொரு சந்திப்பையும் தேதியோடு நோயறிதல், ஆலோசனை, சிகிச்சை என்று பிரியுங்கள். ஆலோசனை தவிர மற்ற இரண்டுக்கும் போலம், பொலித்தோ சோதனையே (சக மருத்துவர்களில் ஒரு பொறுப்பான தரப்பு அதை ஏற்கிறதா, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று பார்ப்பது) தொடர்கிறது.

2. ஆலோசனை பற்றிக் கருத்துச் சொல்லும் மருத்துவ நிபுணருக்கான கேள்விகளைத் திருத்துங்கள். "சக மருத்துவர்கள் இதை ஏற்பார்களா?" என்பது மட்டும் போதாது. முடிவெடுக்க நோயாளிக்கு நியாயமாகத் தேவைப்படும் தகவலையும், இந்த நோயாளிக்கு முக்கியம் என்று மருத்துவர் அறிந்த, அறிந்திருக்க வேண்டிய தகவலையும் சொல்ல வேண்டும் என்று அந்தச் சகாக்களின் கருத்தே கோர வேண்டும். அது தர்க்கத்துக்கும் நிற்க வேண்டும். ஆகவே நோயாளி கேட்ட கேள்விகள், சொன்ன கவலைகள், வேலை விவரம் எல்லாவற்றையும் நிபுணருக்கு அனுப்புங்கள். பலவீனமான நிபுணர் அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: 2022 ஜூலைக்கு முன் தந்த ஆலோசனையும் கலந்திருந்தால், அதற்குப் பழைய சோதனைதான். காலவரம்பு வேறு விஷயம். உடற்காயத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுகள், காயம் நேர்ந்த நாள் அல்லது விவரம் தெரிந்த நாள், எது பிந்தியதோ அதிலிருந்து. அதை இன்றே கணக்கிட்டுவிடுங்கள்.