எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தினர் வாட்ஸ்அப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பெரும்பாலும் குரல் பதிவு மூலம்தான். இந்தியக் கிராமங்களில் பலர் தட்டச்சு செய்வதே இல்லை. மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவார்கள், பதிலையும் காதில் வைத்துக் கேட்பார்கள். யூடியூபிலும் வாயால் சொல்லித்தான் தேடல். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் இது வேகமாகப் பரவியது. 2018-ல் பட்டன் வைத்த ஜியோபோனுக்கும் வாட்ஸ்அப் வந்தது.

பல வீடுகளில் போன் எல்லோருக்கும் பொது. மருமகளுக்கு அம்மா அனுப்பிய குரல் பதிவை மாமியாரும் கேட்டுவிடலாம். அப்புறம் ரகசியம் ஏது?

பெரிய ஆபத்து ஃபார்வர்டுதான். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி 2018 ஜூலையில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாட்ஸ்அப் அறிவித்தது.