பத்துப் பேர் கிளம்பினால் பில்லை யார் வாங்குவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூட்டமாக ஊருக்குக் கிளம்புகிறவர்களும் போய்விட்டு வந்தவர்களும் எழுதியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். தீபாவளி வியாபாரத்துக்கு நைட்டி, பிளவுஸ் பிட் எடுக்கச் சென்னை போகிறோம். இரண்டு ராத்திரி தங்கி மியூசியம், கோயில் பார்க்கவும் ஆசை. தி.நகரில் ரூம் வாடகை எங்களுக்குக் கட்டாது. எங்கே தங்கலாம்? (வாசகி, குடியாத்தம்)

பதில்: எழும்பூரில் தங்குங்கள் அம்மா. ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் லாட்ஜ்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே கிடைக்காவிட்டால் பெரியமேடு, திருவல்லிக்கேணி. எழும்பூரில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் வெளியே ரங்கநாதன் தெருதான். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 14 பேரும் ஆட்டோவில் அலைந்தால் ரூமில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும்.

ரூம் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர் வரை விடுவார்கள்? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? காலையிலேயே போய் நுழைகிறவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்வியில்தான் ஒரு நாள் வாடகை இருக்கிறது. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், முன்பு 12. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாத லாட்ஜ் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது.

ரயிலில் ஒரு டிக்கெட்டுக்கு 6 பேர்தான். உங்களுக்கு மூன்று டிக்கெட் எடுக்க வேண்டும். 60 நாள் முன்னதாகவே எடுக்கலாம். உறுதியான டிக்கெட் இருந்தால் சென்ட்ரலில் ரயில்வேயின் ஓய்வறை, டார்மிட்டரிக்கு ஐஆர்சிடிசி தளத்தில் முயற்சி செய்யலாம். 14 பேருக்கும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டு லாட்ஜுக்குப் போங்கள்.

வியாழக்கிழமை கிளம்புங்கள். எழும்பூர் அரசு மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. இது தெரியாமல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று திட்டம் போட்டுவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. வியாழன் மதியம் மியூசியம் போய்விடுங்கள். வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்கு முதலில் போங்கள். நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்க்க மட்டுமே கூட ரயில் ஏறலாம். வெள்ளி பகல் முழுக்கப் பாரிமுனைப் பக்கம் துணி மொத்தக் கடைகள் இருக்கும் கோடவுன் தெரு, மாலை மயிலாப்பூர். சனி காலை ரங்கநாதன் தெரு, அப்புறம் ரயில்.

கோடவுன் தெருவில் கட்டாகக் கொடுப்பார்கள். கட்டைப் பிரித்து எண்ணி, ஒன்றிரண்டு பிட்டை அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சாயம் போனால், கிழிசல் இருந்தால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். துணியைக் கட்டி வர நல்ல பைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நடைபாதையில் அவசரத்துக்கு வாங்கிய டிராலி பை ஒன்று மாம்பலம் ஸ்டேஷன் படியிலேயே சக்கரம் கழன்று என்னைக் கைவிட்டது. அதற்குப் பில் கிடையாது, யாரிடம் கேட்பது?

கேள்வி: ஊட்டியில் காட்டேஜ். இணையத்தில் நம்பர் எடுத்துப் பேசினோம். 10 பேருக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் ஜிபே-யில் அனுப்பினால் பாதி விலைக்குத் தருகிறார்களாம். அனுப்பலாமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: அனுப்பாதீர்கள். இதற்குள் அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: உறவினர்கள் 11 பேர் வேன் வைத்துக் காஞ்சிபுரம் போனோம். டிரைவர் ‘சொசைட்டி கடை’ என்று ஒரு இடத்தில் இறக்கினார். 9,800 ரூபாய்க்கு ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். ஊருக்கு வந்து நெசவு தெரிந்தவரிடம் காட்டினால், ஊடை (குறுக்கு நூல்) பட்டே இல்லை என்கிறார். கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போனை வைத்துவிட்டார்கள். மகள் நிச்சயத்துக்கு எடுத்தது. (வாசகி, ஆரணி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கனத்துப்போனது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆரணிக்காரரையே ஏமாற்ற முடிகிறது என்றால் மற்றவர்களை என்ன செய்வார்கள்?

முதலில் செய்ய வேண்டியது. புடவையின் முந்தி ஓரத்தில் பாவு (நீளவாட்டு) நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று எனத் தனித்தனியாக உருவி எரித்துப் பாருங்கள். பட்டு மெதுவாக எரியும், முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ரேயான் என்றால் காகிதம் எரிந்த வாடை. இது நீங்கள் தெரிந்துகொள்ள. வழக்குக்கு, சுத்தப் பட்டுக்கு முத்திரை தரும் சில்க் மார்க் அமைப்பின் சோதனை அறிக்கை வலுவானது, அதை வாங்கிவிடுங்கள்.

‘திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் அடங்கிப்போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். கலர் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மறுக்கலாம். பட்டென்று சொல்லிப் பாலியஸ்டர் கொடுத்துவிட்டு மறுக்க முடியாது. கடைக்கு இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்காகக் காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் சூடு ஆறும் முன் போடுங்கள்.

இனி டிரைவர் இறக்கிவிடும் கடையைப் பற்றி. பல வருடமாக என் வயிற்றெரிச்சல் இது. வேன் நிற்கிறது, வாசலிலேயே கும்பிடு, உட்காரச் சொல்லி மோர். அந்த மோருக்கும் டிரைவர் கமிஷனுக்கும் சேர்த்துத்தான் புடவையின் விலை. ‘சொசைட்டி’ என்று பெயர்ப் பலகையில் ஒலிக்கும்படி வைத்துக்கொண்ட தனியார் கடைகள் இருக்கின்றன. நிஜக் கூட்டுறவுச் சங்கம் என்றால் பில்லில் சங்கத்தின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். நானும் மைசூரில் டிரைவர் காட்டிய கடையில் சந்தன எண்ணெய் வாங்கியிருக்கிறேன். வீட்டில் மூடியைத் திறந்த சில நாளில் வாசனை போய் வெறும் எண்ணெய் மிஞ்சியது. அவர்கள் தந்த துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை.

இதில் கூட்டம்தான் அவர்களுக்குத் தூண்டில். சித்தி எடுத்தாள், நாத்தனார் எடுத்தாள், நாமும் எடுப்போம் என்று கை நீளும். பில்லை அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒருவரை நியமியுங்கள்: எந்தக் கடையானாலும் ‘சுத்தப் பட்டு’ என்ற சொல் பில்லில் இருக்கிறதா, சில்க் மார்க் சீட்டில் ஹாலோகிராமும் எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சில்க் மார்க் பட்டுக்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. ஜரிகை எது என்பதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

கூடவே ஒன்று, அம்மா. புவிசார் குறியீடு பெற்ற பட்டு உங்கள் ஊரிலேயே நெய்கிறார்கள். நெய்தவர் வீடு தெரிந்திருக்கும் இடத்தில் ஏமாற்றுவது கடினம்.

கேள்வி: 13 பேர் மைசூர் போய் வந்தோம். ஞாயிறு இரவு அரண்மனை விளக்கு அலங்காரம் எல்லாம் அருமை. ஊர் திரும்பியதும் வேன்காரர் பேசியதற்கு மேல் 7,500 கேட்கிறார். தெரிந்தவர் என்பதால் எதையும் எழுதி வாங்கவில்லை. வெள்ளை போர்டு வண்டி என்பதால் வாடகை குறைவாக இருந்தது. (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: எழுதி வாங்கவில்லை, டோல் யாருடையது, கர்நாடக வரி யாருடையது, டிரைவர் பேட்டா எவ்வளவு, கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரையா உங்கள் வாசலிலிருந்தா என்று ஒன்றையும் கேட்கவில்லை. 13 பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா ஐயா? கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது உள்ள டோலுக்கும் வரிக்கும் கொடுங்கள், மீதியைப் பேசித் தீருங்கள்.

வெள்ளை போர்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். வழியில் விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். மூவாயிரமோ நாலாயிரமோ மிச்சம் என்று 13 பேரை அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள். இனி மஞ்சள் போர்டு, பர்மிட், எழுத்தில் வாடகை. இதில் ஒன்று இல்லையென்றாலும் ஏறாதீர்கள்.

கேள்வி: ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே கடையில் நகை எடுத்தால் குறைப்பார்களா? (வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: சேதாரத்தில் குறைப்பார்கள். கேட்டால்தான். ஐந்து பேருக்கும் தனித்தனிப் பில், எடை, சேதாரம், செய்கூலி, கல் எடை தனித்தனி வரியில். ஒவ்வொரு நகையிலும் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 2 கிராமுக்குக் கீழே விலக்கு உண்டு. கடையைவிட்டு வெளியே வரும் முன் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பள்ளித் தோழிகள் 9 பேர் வேலூர் பார்க்க வருகிறோம். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் மலிவு என்கிறார்கள். உண்மையா? (வாசகி, மதுரை)

பதில்: மலிவுதான். ஆனால் அங்கே தங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வந்து, வாரக்கணக்கில் காத்திருக்கிற குடும்பங்களுக்கு அந்த அறைகள் வேண்டும். நீங்கள் புது பஸ் ஸ்டாண்டு பக்கமோ காட்பாடியிலோ எடுத்தால் ஒன்றும் குறையாது.

கோட்டைக்குக் காலையில் போங்கள், கட்டணம் இல்லை. 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இந்தச் சுவர்களுக்குள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை நின்று பாருங்கள். வெகு காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயில், 1981-இல்தான் மறுபடி வழிபாட்டுக்கு வந்தது. கோட்டைக்குள் இருக்கும் அரசு மியூசியத்துக்கும் வெள்ளி விடுமுறை. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் போன் எடுத்துப்போக முடியாது, அரைக்கால் சட்டை கூடாது, நட்சத்திர வடிவப் பாதையில் நிறைய நடக்க வேண்டும், மாலையில் போங்கள். வாங்க ஆம்பூரில் தோல் செருப்பு, ஆற்காட்டில் மக்கன் பேடா இனிப்பு. ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்று விற்கும் செருப்பில் இரண்டு காலையும் போட்டு நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரயிலில் ‘ரயில் நீர்’ பாட்டில் 20 ரூபாய் வாங்கினார்கள். சரியா? (வாசகர், காட்பாடி)

பதில்: தவறு. ஒரு லிட்டர் 14 ரூபாய். ரயில்வே உதவி எண் 139-இல் புகார் சொல்லுங்கள், ரயில் எண்ணும் பெட்டி எண்ணும் சேர்த்து.

கேள்வி: எட்டுப் பேருக்கு ரூம் போட்ட பிறகு இருவர் வரவில்லை என்கிறார்கள். பங்கைத் திருப்பிக் கேட்கிறார்கள். (வாசகி, திருப்பத்தூர்)

பதில்: லாட்ஜ் எவ்வளவு திருப்பித் தந்ததோ அதை மட்டும் கொடுங்கள். ஒன்றும் தரவில்லையென்றால் ஒன்றும் இல்லை. அந்த ரசீதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.